இருபத்து மூன்று கோடிச் சொச்சம்

வெள்ளூரணியில் எள் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்த வருஷம் ஒன்று இருந்தது. அந்த வருஷம் தை மாசக் கடைசியில், மாதர் சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர், நாலரை ஏக்கர் கரிசலில் தாங்கள் விளைவித்த கறுப்பு எள்ளைக் காயவைத்து, தட்டி, தூற்றி, ஊர்ச் சாவடியில் பாய் விரித்துக் குவித்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். சங்கத்துக் காரியதரிசி சொர்ணக்கிளி மரக்காலை எடுத்து, மேலே வழித்துத் தலைவெட்டி அளந்து, பன்னிரண்டு பங்காகப் போட்டாள். மரக்கால் தீர்ந்து படி, படி தீர்ந்து உழக்கு, உழக்கு தீர்ந்து விரல்நுனி என்று அளந்து முடித்தபோது பாயின் நடுவில் ஒரே ஒரு எள் மிஞ்சியது. அதை அவள் சுண்டிவிட்டாள். பெண்கள் சாக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டு, பேசிச் சிரித்தபடி அவரவர் தெருவுக்குள் திரும்பினார்கள்.

சங்கத்துத் தலைவி அங்காளி வாசலில் சாக்கை இறக்கியபோது அது துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரித் தட்டையாக இருந்தது. பொத்தல் இல்லை, வழியில் ஒரு எள் சிந்தியிருக்கவில்லை. பன்னிரண்டு பேரும் வெறும் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சாவடிக்குத் திரும்பி வந்தபோது, எள் முழுக்கப் பழைய இடத்தில் பழைய உயரத்தில் குவிந்து கிடந்தது, எங்கேயும் போய் வந்த களைப்பே இல்லாமல்.

"ஏ சொர்ணம், நீ அளந்த லட்சணம் இதுதானா?" என்றாள் அங்காளி.

சொர்ணக்கிளிக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பத்தெட்டு வயசில் அவளிடம் பெருமை என்று ஒன்று இருந்ததென்றால் அது அவள் அளவுதான். பதினோராம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பஸ் வேண்டும், வெள்ளூரணிக்கு அப்போது பஸ் இல்லை. அந்த நூறை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக அவள் மரக்கால்தான் அளந்துகொண்டிருந்தாள், ஒரு எள் கூடாமல், ஒரு எள் குறையாமல்.

மறுபடி அளந்தாள். மறுபடி ஒன்று மிஞ்சியது. மறுபடி சாக்குகள் தட்டையாயின. மூன்றாம் நாள் பெண்கள் அவள் கைகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். நகத்துக்குள் எள் வைத்திருக்கிறாளோ என்று ஒருத்தி கேட்டே விட்டாள். அன்றைக்குச் சொர்ணக்கிளி வீட்டுக்குப் போய்ப் பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நாலாவது தடவை அளந்தாள்.

ஒன்று மிஞ்சியது.

அந்த ஒன்றைத் தொலைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஊரே நினைத்ததில் தப்பில்லை. அதைக் கோழிக்குப் போட்டார்கள். கோழி கொத்தி விழுங்கிவிட்டு ஏப்பம் விட்ட மாதிரிக் கழுத்தை நீட்டியது, எள் பாயின் நடுவில் இருந்தது. அடுப்பில் போட்டார்கள், வெடித்த சத்தம்கூடக் கேட்டது, எள் பாயின் நடுவில் இருந்தது. அங்காளியே அதை வாயில் போட்டுக் கடித்து, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டி எல்லாருக்கும் காட்டினாள். பக்கத்து ஊரிலிருந்து ஒற்றை எள்ளை வெற்றிலையில் மடித்து வாங்கி வந்து குவியலில் சேர்த்தும் பார்த்தார்கள். வேற்றூர் எள் கொஞ்ச நேரம் குவியல் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, மரியாதை கிடைக்காத விருந்தாளி மாதிரி உருண்டு பாயை விட்டு இறங்கிவிட்டது.

பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. சாவடியில் சீட்டு விளையாடுகிறவர்கள் குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விளையாடினார்கள். பூசாரி வந்து பார்த்து, யாரோ செத்துப்போனவருக்கு எள் இறைக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று சொன்னார். ஒவ்வொரு வீடும் தன் வீட்டுச் சாவுகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்து, எங்கள் வீட்டில் பாக்கி இல்லை என்று சொல்லிவிட்டது.

அங்காளிதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள், அல்லது கண்டுபிடித்ததாக நினைத்தாள். "இந்த ஒத்தை எள்ளு சும்மா மிஞ்சல. யாருக்கோ பங்கு விட்டுப்போச்சு. அவளுக்காக இது கேக்குது" என்றாள்.

சொன்னதும் எல்லாருக்கும் செண்பகவடிவு ஞாபகம் வந்தது. இரண்டு களையெடுப்புக்கு வந்தவள், பிரசவத்துக்குப் படுத்ததும் பேரை அடித்துவிட்டார்கள். அவளைக் கைக்குழந்தையோடு கூட்டிவந்து பதிமூன்றாவது பங்கு போட்டார்கள். ஒன்று மிஞ்சியது. வெயிலில் நின்று ஆடு விரட்டிய காது கேளாத மாடத்திக்குப் பதினாலாவது பங்கு போட்டார்கள். ஒன்று மிஞ்சியது. எள்ளுச் செடியைப் பிடுங்கியதெல்லாம் கீழத்தெருப் பெண்கள். காலையில் வரச்சொல்லி, சாயங்காலம் கூலி கொடுத்து அனுப்பியதோடு சரி, கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவர்களைச் சங்கத்தில் சேர் என்று ஒருத்தியும் சொன்னதில்லை. இப்போது அங்காளி தானே கீழத்தெருவுக்குப் போய், வெள்ளையம்மாவின் வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, வாங்க என்று கூப்பிட்டாள். வெள்ளையம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இன்னும் மூன்று பேரோடு வந்து, சாவடிக்கு உள்ளே முதல் தடவையாக உட்கார்ந்தாள். பதினெட்டுப் பங்கு. ஒன்று மிஞ்சியது.

ஒவ்வொரு தடவையும் சொர்ணக்கிளிதான் அளந்தாள், ஒவ்வொரு தடவையும் கை நோக அளந்தாள், ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்று பாயின் நடுவில் அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. புருஷனை விட்டுவிட்டு வந்து தாய்வீட்டில் இருந்தவளைச் சேர்த்துப் பத்தொன்பது. ஊருக்கே பேறுகாலம் பார்த்த மருத்துவச்சியைச் சேர்த்து இருபது. மதகுக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்த அக்கா தங்கச்சி இரண்டு பேரையும் சேர்த்து இருபத்திரண்டு. ஒன்று, ஒன்று, ஒன்று.

பாக்கி இருந்தது நாச்சியார். அங்காளியின் ஓரகத்தி. ஒரு கறிவேப்பிலைக் கன்றை யார் பிடுங்கியது என்பதில் ஆரம்பித்து ஒன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஊர் முழுக்க அங்காளியின் முகத்தைப் பார்த்தது. இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் அங்காளி போய், "வா நாச்சியா, எல்லாரும் காத்துக் கிடக்காக" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள், பார்த்தவர்களும் அழுதார்கள், இன்றைக்கு எள் வீடு போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. சொர்ணக்கிளி இருபத்து மூன்று பங்கு அளந்தாள்.

பாயில் பதினாறு மிஞ்சியது.

ஒருத்தி குனிந்து எண்ணிப் பார்த்தாள், இன்னொருத்தி திரும்ப எண்ணிப் பார்த்தாள். பிறகு அங்காளி, "ஒண்ணா இருந்தது பதினாறாயிருச்சு! இவளைக் கூப்பிட்டதுக்கு!" என்று கத்தினாள், நாச்சியார் பதிலுக்குக் கத்தினாள், கறிவேப்பிலைக் கன்று மறுபடி சாவடிக்கு வந்தது. சொர்ணக்கிளி மட்டும் பதினாறையும் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. நியாயம் கேட்கிற எள்ளாக இருந்தால் ஏன் பதினாறு? இது யாருக்காகவும் கேட்கவில்லை. இது ஒரு எண். எண்ணுக்கென்று ஒரு குணம் உண்டு, அதை யாரும் இன்னும் பார்க்கவில்லை.

"முதல்ல எத்தனை எள்ளுன்னு எண்ணிப்பாக்கணும்" என்றாள்.

"எள்ளையா?"

"எள்ளைத்தான். எதோட மல்லுக்கட்டுறோம்னாவது தெரிய வேண்டாமா?"

சிரித்தார்கள், பிறகு வேறு வேலையும் இல்லாததால் எண்ண உட்கார்ந்தார்கள். பங்குனி வெயில் வெளியே கொளுத்த, சாவடிக்குள் முன்னூறு பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்து, ஆயிரம் எள் எண்ணிச் சிரட்டையில் போட்டதும் ஒரு புளியங்கொட்டையைப் பானையில் போடுவது என்று வைத்துக்கொண்டார்கள். குவியல் தன் எள் சாவடியை விட்டுத் தாண்டாதவரை மேற்கே இருந்தாலும் கிழக்கே இருந்தாலும் கண்டுகொள்ளவில்லை. தும்மல் வந்தவன் எழுந்து வெளியே ஓடினான். எண்ணிக்கை தப்பியவள் சிரட்டையைக் கவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். தூங்கியவர்கள் தூக்கத்தில் எண்ணினார்கள். நாற்பதாம் நாள் பானைகளைக் கொட்டிப் பார்த்தால் இரண்டு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு புளியங்கொட்டை இருந்தது, கடைசிச் சிரட்டையில் ஐந்நூற்று அறுபத்தொரு எள் இருந்தது.

இருபத்து மூன்று கோடியே இருபத்தேழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்று.

அதை வெள்ளூரணி உடனே சொந்தமாக்கிக்கொண்டது. பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடிக் கயிறு தாண்டினார்கள், மாடுகளுக்குக்கூட அந்தத் தாளத்தில் நடை வந்தது, அசலூரில் பெண் கட்டியவன் மாமனார் வீட்டில் ஒரே மூச்சில் அதைச் சொல்லிக்காட்டி மரியாதை சம்பாதித்தான். சொர்ணக்கிளிக்கு மட்டும் அது பாட்டாக இல்லை. அவள் ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு சாவடிச் சுவரின் இடது ஓரத்தில் அந்த எண்ணை எழுதி, கீழே வகுக்கத் தொடங்கினாள்.

இரண்டு முதல் இருபத்திரண்டு வரை எதால் வகுத்தாலும் மீதி ஒன்று. இருபத்து மூன்றால் பதினாறு. அது ஏற்கெனவே பாயில் கிடந்ததுதான். இருபத்தொன்பதால் இருபது. முப்பத்தொன்றால் பதினாலு. முப்பத்தேழால் முப்பத்தொன்று. அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் இதைவிடப் பணிவான எண் உலகத்தில் கிடையாது என்பதுதான் அவளை வதைத்தது. இரண்டு பேர் வந்தாலும் ஏழு பேர் வந்தாலும் பத்தொன்பது பேர் வந்தாலும் கை கட்டி வகுபட்டுக் கொடுக்கிற எண், ஒரே ஒரு எள் கூடியதால் யாருக்கும் தலைவணங்காத எண்ணாக ஆகியிருந்தது.

சுவர் நிரம்பியதும் அவள் புருஷன் தர்மக்கண் சுண்ணாம்பு வாளியோடு வந்தான். வெள்ளையடிப்பதுதான் அவன் தொழில். ஒன்றும் கேட்காமல் சுவரை அடித்துவிட்டுப் போனான்; அது காய்ந்ததும் அவள் மறுபடி ஆரம்பித்தாள். சித்திரை போனது, வைகாசி போனது. சாவடிச் சுவருக்கு ஒன்பது தடவை வெள்ளை அடித்தான். பத்தாவது தடவை வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டான்.

"பதினஞ்சாயிரத்து இருநூத்து அம்பத்தேழு வரைக்கும் பாத்தாப் போதும்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல உள்ள எண்ணு எதாச்சும் இதை வகுத்துச்சுன்னா, கூடப் பெருக்குற ஜோடி அதுக்குக் கீழே இருந்தாகணும். கீழே உள்ளதைத்தான் ஏற்கெனவே பாத்தாச்சே."

தர்மக்கண்ணுக்கு அது புரியவில்லை. ஆனால் ஒரு எல்லை இருக்கிறது என்பது புரிந்தது. தெம்பாக வாளியைத் தூக்கினான்.

ஆனி மாசம் ஒரு நண்பகலில் அவள் கரித்துண்டைக் கீழே போட்டாள். ஆயிரத்து எழுநூற்றுக்கும் மேலே வகுத்தலாகியிருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சங்கத்து இருபத்து மூன்று பேரும் வந்து உட்கார்ந்ததும், "இது பகா எண். இதை எதாலயும் வகுக்க முடியாது" என்றாள்.

"எதாலயும்னா?"

"ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் மிஞ்சத்தான் செய்யும். ரெண்டு விதமாத்தான் இதைப் பங்கு வைக்கலாம். ஒண்ணு, மொத்தமும் ஒரே ஆளுக்கு. இல்லன்னா ஆளுக்கு ஒரு எள்ளு, இருபத்து மூணு கோடிச் சொச்சம் பேருக்கு."

ஒருத்தியும் சந்தோஷப்படவில்லை. இரண்டு மாசமாக இந்தப் பெண் சுவரைக் கரியாக்கிக் கண்டுபிடித்தது, முடியாது என்பதைத்தானா? அங்காளி மெதுவாகக் கேட்டாள்: "அப்போ இத்தனை பேரைக் கூப்பிட்டுச் சேர்த்ததுக்கும் இந்த எள்ளுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"இல்லக்கா. எண்ணுக்கு நம்ம நியாயம் தெரியாது."

அது உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான், பின்வரிசையில் யாரும் அசையாமல் இருப்பதைச் சொர்ணக்கிளி பார்த்தாள். வெள்ளையம்மா எழுந்து நின்றாள்.

"அப்போ எங்களை எடுத்துருவீகளா?" என்றாள்.

பழைய பன்னிரண்டு பேரில் சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லை என்று சட்டென்று சொல்ல அங்கே ஒரு வாயும் திறக்கவில்லை. சொர்ணக்கிளியின் வாயும் திறக்கவில்லை. தன் கணக்கு இவ்வளவு தூரம் வந்து இந்த இடத்தில் நிற்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வெள்ளையம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். சொர்ணக்கிளி அன்று முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதில் ஒரு பிழை கிடைத்தால் போதும் என்று மேலிருந்து கீழாகத் தேடினாள். பிழை இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

"ஒரே ஆளுக்கு" என்ற வார்த்தை மட்டும் ஊரைத் தாண்டிப் போய், மகராசன் காதில் விழுந்தது. நாலரை ஏக்கரும் அவருடையது; சங்கத்துப் பெண்கள் குத்தகைக்குப் பதிலாக அவர் கிணற்றைத் தூர் வாரிக் கொடுத்திருந்தார்கள். செக்கும் எண்ணெய் ஆலையும் வைத்திருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஆடி பிறந்த மறுநாள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாவடியில் ஏறி, எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

"தாயி, நான் ஒண்ணும் அபகரிக்க வரல. எள்ளு சிக்கு வாடை அடிக்குது. ஒரே ஆளுக்குத்தான் அடங்கும்னா நிலத்துக்காரன் நான் இருக்கேன். ஆட்டி எண்ணெயாக்கி, என் மனசுக்குத் தோணுறதை உங்களுக்குக் கொடுத்து அனுப்புறேன்" என்றார்.

"அது எங்க எள்ளு அண்ணாச்சி" என்றாள் அங்காளி.

"உங்க எள்ளுதான். உங்ககிட்ட இருக்க மாட்டேங்குதே."

இதெல்லாம் எனக்கு என்று சொல்லி அவர் ஒரு சாக்கை நிரப்பித் தன் ஆள் தலையில் ஏற்றினார். சாக்கு இறங்கவில்லை, தளரவில்லை. ஆலை வரைக்கும் போய் அங்கே சிவனே என்று நின்றது. குவியலில் அந்த இடம் பள்ளமாகவே இருந்தது. ஆறு மாசமாக இருபத்து மூன்று பெண்களைத் தட்டையான சாக்கோடு திருப்பி அனுப்பிய எள், இவர் பின்னால் நாய்க்குட்டி மாதிரிப் போனதைப் பார்த்ததும் சொர்ணக்கிளிக்கு வயிறு எரிந்தது. நாளைச் சாயங்காலம் வண்டியோடு வருகிறேன் என்று மகராசன் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேர், எண்ணெயாவது கிடைக்குமே, கொடுத்துவிடலாம் என்றார்கள். மீதிப் பேர் சொர்ணக்கிளியைத் திட்டினார்கள். ஒரே ஆளுக்கு என்று அவள் வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் காற்று எழுந்தது. ஆடிக்காற்று மேற்கே மலையிலிருந்து இறங்கி, கரிசல் முழுக்கப் புழுதியைக் கிளப்பி, ஓலைக் கூரைகளைப் பிடித்து உலுக்கியது. சொர்ணக்கிளி அந்தக் காற்றில் முகத்தைக் காட்டியபடி கீழத்தெருவுக்கு நடந்தாள். வெள்ளையம்மா முள் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நான் சொன்ன ரெண்டுல ஒண்ணைத்தான் ஊர் பிடிச்சுக்கிட்டது" என்றாள் சொர்ணக்கிளி. "இன்னொண்ணு இருக்குல்ல மதினி."

மதினி என்ற வார்த்தைக்கு வெள்ளையம்மாவின் அரிவாள் ஒரு கணம் நின்றது. "இருபத்து மூணு கோடிப் பேரை எங்கே போய்க் கூட்டியாறது?"

"கூட்டியாற வேண்டாம். எள்ளே இருபத்து மூணு கோடிதானே. ஒவ்வொரு எள்ளையும் அந்தந்த எள்ளுக்கே கொடுத்து இந்தக் காத்துல விட்டுட்டா?"

வெள்ளையம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. "மறுபடி பொய்த்துப்போச்சுன்னா?" என்றாள்.

"கணக்கு பொய்க்காது. மத்தது எனக்குத் தெரியாது."

"எங்க நாலு பேரும் சங்கத்துல இருக்கோமா, இல்லையா?"

"நான் காரியதரிசி. என் கையால ஒரு பேரையும் அடிக்க மாட்டேன்."

வெள்ளையம்மா முறத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சாவடியில் ஏறி, யாரையும் கேட்காமல், ஒரு முறம் எள் அள்ளி, கிழக்கே பார்த்த வாசலில் நின்று உயரத் தூக்கிக் காற்றில் விட்டாள். எள் கறுப்பு வலையாக விரிந்து, கிழிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், தனித்தனியாகக் கிழக்கே பறந்தது. எல்லாரும் குவியலைப் பார்த்தார்கள். அள்ளிய இடம் பள்ளமாகவே இருந்தது.

ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அப்புறம் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நாச்சியார் முறத்தோடு வந்தாள், மாடத்தி சுளகோடு வந்தாள், செண்பகவடிவு குழந்தையைத் தர்மக்கண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள். முறமில்லாதவர்கள் மடியில் அள்ளி வந்து உதறினார்கள். அங்காளி மட்டும் ஓரமாக நின்று, "போச்சே, எல்லாம் போச்சே" என்று புலம்பினாள். பிறகு புலம்பிக்கொண்டே ஒரு முறத்தை எடுத்தாள், புலம்பிக்கொண்டே தூற்றினாள். நாலரை ஏக்கரும், இரண்டு களையும், நாற்பது நாள் எண்ணிக்கையும், பத்து வெள்ளையடிப்பும் காற்றில் ஏறி, கண்மாயைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, பக்கத்து ஊர்க் கோபுரத்தைத் தாண்டிப் போயின. ஆலைக்குப் போன சாக்குகூட மத்தியானம் தானே அவிழ்ந்துகொண்டு சன்னல் வழியாகப் பறந்ததாக ஆலை ஆட்கள் பிற்பாடு சொன்னார்கள்.

சாயங்காலம் மகராசன் நாலு வண்டியோடு வந்து இறங்கியபோது, சாவடித் தரை நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. பெண்கள் புழுதி அப்பிய முகத்தோடு சுவரில் சாய்ந்து கிடந்தார்கள்.

"இம்புட்டையும் காத்துல விட்டீகளா?" என்றார்.

"பங்கு வச்சோம் அண்ணாச்சி" என்றாள் சொர்ணக்கிளி.

அவர் வண்டிகளைத் திருப்பினார். அவர் போனதும் அங்காளி வாய்விட்டு அழுதாள், அவளைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். அந்த வருஷம் இருபத்து மூன்று வீட்டிலும் எள் இல்லை, எண்ணெய் இல்லை; தாளிக்கும்போதெல்லாம் சொர்ணக்கிளிக்கு வசவு விழுந்தது. கணக்குப் படித்தவள் கெடுத்தாள் என்றார்கள். உண்மையில் அவளுக்கே தன்மேல் ஆத்திரமாக இருந்தது. அவள் கண்டுபிடித்ததும் அந்த எண்தான், பறிகொடுத்ததும் அந்த எண்தான்.

ஐப்பசியில் மழை விழுந்தது. விழுந்த எட்டாம் நாள், வெள்ளூரணிக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய வரை எள் முளைத்தது. வரப்பிலும் வண்டித்தடத்திலும் முளைத்தது, பள்ளிக்கூடக் கூரை ஓட்டிலும் ஐயனார் குதிரையின் காதிலும் முளைத்தது, மகராசனின் பருத்திக்குள் அவர் ஆள் வைத்துப் பிடுங்கப் பிடுங்க முளைத்தது. யாருடைய நிலத்தில் யாருடைய செடி என்று சொல்ல ஒருத்தராலும் முடியவில்லை. பத்து ஊர் பஞ்சாயத்துக் கூடி மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, பறிக்கிறவர் பறித்துக்கொள்ளட்டும் என்று சலித்துப்போய் எழுந்து போனது. தையில் இருபத்து மூன்று அரிவாள்கள் ஒன்றாகக் கிளம்பின. யார் பேரையும் அடிக்க வேண்டும் என்று அதற்குள் யாருக்கும் ஞாபகமும் இல்லை, தெம்பும் இல்லை.

குவியல் இந்தத் தடவை சின்னது. பெண்கள் பயத்தோடு சுற்றி நிற்க, சொர்ணக்கிளி வழக்கப்படி ஒன்றுக்குப் பதிலாக "லாபம்" என்று முதல் மரக்காலைப் போட்டாள். இரண்டு, மூன்று என்று அளந்து இருபத்து மூன்று பங்கும் போட்டு முடித்தபோது, கடைசியில் ஒரு உழக்குப் போல மிஞ்சியது. அங்காளி அதை உடனே வெல்லத்தோடு இடித்து ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்துவிட்டாள். மருத்துவச்சி முதலில் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியிலிருந்து அவள் குரல் வந்தது: "இருக்குடீ! இருக்கு!"

ஊரே குலவையிட்டது. சொர்ணக்கிளிக்கு மட்டும் எரிச்சலாக வந்தது. எத்தனை எள் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை. எப்படி வெட்டினாலும் வெட்டுப்படுகிற, குணம் என்று ஒன்றும் இல்லாத குவியல். உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு, தன் சாக்கோடு அவள் கண்மாய்க்கரை வழியாக விடுவிடுவென்று நடந்தாள். பின்னால் வெள்ளையம்மா தன் சாக்கோடு ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

"மதினி, அந்த எண்ணு அறுபத்தொண்ணுலதானே முடியும்? இவளுக அறுபத்திரண்டுங்காளுக."

"அறுபத்திரண்டா? அறுபத்திரண்டுன்னா இரட்டைப்படை, ரெண்டால போயிருமே! ஒரு வருஷத்துக்குள்ள மறந்துட்டாளுகளா?" சொர்ணக்கிளி நடுவழியில் நின்றே விட்டாள்.

"நான் மறக்கல. எனக்கு ஒண்ணுதான் விளங்கல. அது வகுபடாதுன்னு நீ எப்படிக் கண்டுபிடிச்சே? எல்லாரையும் கேட்டுட்டேன், ஒருத்திக்கும் தெரியல. நீ சொல்லேன்."

சொர்ணக்கிளி அவளை உற்றுப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சரியென்று சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு, இரண்டிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றுக்கு வந்தாள், நாலை ஏன் தனியாகப் பார்க்க வேண்டாம் என்று சொன்னாள், ஐந்து, ஏழு, பதினொன்று, ஜோடி எண், பதினைந்தாயிரத்துச் சொச்சம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தபோது கண்மாய் முடிந்து கீழத்தெரு வந்திருந்தது.

வெள்ளையம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சாக்கை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "சுத்தமாப் புரியல. முதல்ல இருந்து சொல்லு" என்றாள்.

சொர்ணக்கிளி பல்லைக் கடித்தாள். தன் சாக்கையும் இறக்கி வைத்துவிட்டு, தரையில் குந்தி, ஒரு குச்சியைத் தேடி எடுத்தாள்.

"முதல்ல ரெண்டு" என்றாள்.